வெற்றிடக் குழாய் ஹெட்போன் பெருக்கியில் தடச் சமனின்மை

தடச் சமனின்மை என்பது, இருதட ஒலிக்கருவி ஒன்றின் இடத் தடத்துக்கும் வலத் தடத்துக்கும் ஒரே அளவு உள்ளீடு தரப்பட்ட போதும், அவற்றின் வெளியீடுகள் சமமாக இல்லாத குறைபாடு ஆகும். வீட்டில் தாமே கட்டிய வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளில் (பேச்சு வழக்கில் வால்வு ஆம்ப்ளிபயர்) இது மிகவும் பரவலாகக் காணப்படும் குறைபாடுகளுள் ஒன்று. பாடகரின் குரல் தலையின் நடுவே கேட்காமல் ஒரு காதின் பக்கம் ஒதுங்கிக் கேட்பதே இதன் முதல் அறிகுறி. அறையில் வைக்கப்படும் ஒலிபெருக்கிகளில் இத்தகைய சிறு வேறுபாட்டை அறைச் சுவர்களின் எதிரொலி ஓரளவு மறைத்துவிடும். ஹெட்போனில் அந்த மறைப்பு இல்லை. அதனால் 1 டெசிபெல் அளவுள்ள வேறுபாடு கூடக் கவனமாகக் கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

சமனின்மை தெரிந்தவுடன் புதிய குழாய்களை வாங்கி மாற்றுவது பலரும் செய்யும் முதல் வேலை. இது செலவு மிக்க வழி. பெரும்பாலும் பயனற்ற வழியும் ஆகும். கோளாறு ஒலியளவுக் குமிழிலோ, ஒரு பற்றாசு இணைப்பிலோ, சில ரூபாய் விலையுள்ள மின்தேக்கியிலோ இருக்கும்போது குழாயை மாற்றுவதால் ஒன்றும் மாறப்போவதில்லை. கோளாறு எந்தப் பகுதியில் உள்ளது என்பதைப் படிப்படியாகச் சுருக்கிக் கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பெருக்கியின் அமைப்பு

ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் 1904 ஆம் ஆண்டில் இருமுனைக் குழாயை உருவாக்கினார். லீ டி பாரஸ்ட் 1906 ஆம் ஆண்டளவில் அதில் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார். இந்த மூன்றாவது மின்வாயே கிரிட் எனப்படுகிறது. சூடாக்கப்பட்ட எதிர்மின்வாயிலிருந்து நேர்மின்வாய்க்குப் பாயும் மின்னோட்டத்தைக் கிரிட்டின் சிறு மின்னழுத்தம் கட்டுப்படுத்துகிறது. ட்ரையோடு என்னும் இந்த மும்முனைக் குழாயின் பெருக்கும் தன்மை முழுவதும் இதில்தான் அடங்கியுள்ளது.

ஹெட்போனுக்காக வீட்டில் கட்டப்படும் பெருக்கிகளில் புகழ்பெற்ற ஒரு வகை, 12ஏயு7, 6080 என்னும் இரு குழாய்களை மட்டும் கொண்டது. அமெரிக்காவின் பாட்டில்ஹெட் நிறுவனம் விற்ற "கிராக்" என்ற தொகுதி இவ்வகையைச் சேர்ந்தது. இதில் வெளியீட்டு மின்மாற்றி கிடையாது. 12ஏயு7 (ஐரோப்பியப் பெயர் ஈசிசி82) மின்னழுத்தத்தைப் பெருக்குகிறது. 6080 எதிர்மின்வாய்ப் பின்தொடரியாக இயங்கி, ஹெட்போனுக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தருகிறது. 6080 என்பது 6ஏஎஸ்7 குழாயின் சிறிய கூடுடைய வடிவம். மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பணிக்காக வடிவமைக்கப்பட்ட இக்குழாய், இசை கேட்கும் கருவிக்குள் வந்தது பின்னாளில்தான். அதன் இரு பாதிகளும் துல்லியமாக ஒத்திருக்க வேண்டும் என்ற தேவை அதன் மூலப் பணியில் இல்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இவ்விரு குழாய்களும் இரட்டை ட்ரையோடுகள். ஒரே கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு தனித்தனி ட்ரையோடுகள் உள்ளன. ஒரு பாதி இடத் தடத்துக்கும் மறு பாதி வலத் தடத்துக்கும் பயன்படுகின்றன. இதனால் ஒரு முக்கியமான விளைவு ஏற்படுகிறது. ஒவ்வொரு தடத்துக்கும் தனிக் குழாய் உள்ள பெருக்கியில் இரு குழாய்களையும் இடம் மாற்றிச் செருகிப் பார்த்து, குறைபாடு குழாயுடன் இடம்பெயர்கிறதா என்று எளிதில் அறியலாம். இவ்வகைப் பெருக்கியில் அந்தச் சோதனை இயலாது. மாற்றுக் குழாய் ஒன்று கையில் இருக்க வேண்டும், அல்லது அளவிட்டுத்தான் அறிய வேண்டும்.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் சுற்றில் வழங்கு மின்னழுத்தம் 170 வோல்ட்டு. 12ஏயு7 இன் நேர்மின்வாய்ச் சுமைத் தடை 22 கிலோஓம். எதிர்மின்வாய்த் தடை 680 ஓம். அதற்கு இணையாக ஒரு மின்பகுபொருள் மின்தேக்கி. 12ஏயு7 இன் நேர்மின்வாய் 6080 இன் கிரிட்டுடன் நேரடியாக இணைக்கப்பட்டுள்ளது. 6080 இன் எதிர்மின்வாய்த் தடை 3 கிலோஓம். அங்கிருந்து 100 மைக்ரோபாரட் மின்தேக்கி வழியாக ஹெட்போனுக்கு ஒலிக்குறிப்பு செல்கிறது. வேறு சுற்றுகளில் எண்கள் மாறும். ஆயினும் ஆராயும் முறை ஒன்றே.

எச்சரிக்கை

இப்பெருக்கிகளின் உள்ளே உள்ள மின்னழுத்தம் உயிரைப் பறிக்கக் கூடியது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னரும் வடிகட்டி மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எடுத்துக்காட்டாக, 220 மைக்ரோபாரட் மின்தேக்கிக்கு இணையாக 220 கிலோஓம் வடிதடை இருப்பின், அதன் கால மாறிலி ஏறத்தாழ 48 நொடிகள். 170 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட்டுக்கு இறங்க இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். வடிதடையின் இணைப்பே விட்டுப்போயிருந்தால் மிக நீண்ட நேரம் மின்னூட்டம் இருக்கும். ஆகவே காத்திருந்தால் மட்டும் போதாது. கை வைக்கும் முன் மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்ய வேண்டும்.

மின்சாரம் உள்ள நிலையில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையைக் கவ்வி கொண்டு நிலத்துடன் பொருத்திவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் பிடிக்க வேண்டும். மறு கை உலோகப் பெட்டியைத் தொடக்கூடாது. இப்படி வேலை செய்து பழகாத மாணவர்கள், பழக்கமுள்ள ஒருவர் அருகில் இல்லாமல் இந்த அளவீடுகளைச் செய்யக் கூடாது. மின்சாரமின்றிச் செய்யக்கூடிய சோதனைகளே பாதிக்கு மேல் உள்ளன. அவற்றை முதலில் முடிப்பது நல்லது.

குறை பெருக்கியில்தானா?

பெட்டியைத் திறக்கும் முன், குறை பெருக்கியில்தான் உள்ளது என்று நிறுவ வேண்டும். இதற்கு ஒருதடப் பதிவு ஒன்று தேவை. பழைய ஒருதட இசைப்பதிவோ, கணினியில் உருவாக்கிய தனி அதிர்வெண் ஒலியோ போதும். இருதடப் பதிவுகளில் இசைக்கருவிகள் வேண்டுமென்றே ஒரு பக்கம் வைக்கப்பட்டிருக்கும் ஆதலால் அவை சோதனைக்கு உதவா.

முதலில் ஹெட்போனை இடம் வலம் மாற்றி அணிந்து கேட்க வேண்டும். முன்பு இடக் காதில் குறைவாகக் கேட்டது இப்போதும் இடக் காதிலேயே குறைவாகக் கேட்டால், கருவியில் குறையில்லை. காதிலோ, ஹெட்போன் காதின் மேல் அமர்ந்திருக்கும் விதத்திலோ வேறுபாடு உள்ளது. காதுக் குரும்பி அடைப்பதாலும் இது நேரலாம். ஒரு காதின் கேட்கும் திறன் திடீரெனக் குறைந்திருந்தால் அதைத் தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில வகைத் திடீர்ச் செவித்திறன் இழப்புகளில் சிகிச்சையைத் தொடங்கும் நாள் முக்கியமானது. பெருக்கியைப் பழுதுபார்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குறைவொலி மறு காதுக்கு மாறினால், கருவிகளில் ஏதோ ஒன்றில் குறை உள்ளது. அடுத்து, பெருக்கியின் உள்ளீட்டில் இட, வலச் செருகிகளை மாற்றிச் செருக வேண்டும். குறைவொலி ஹெட்போனின் மறு பக்கத்துக்குப் போனால் கோளாறு பெருக்கிக்கு முன்னால், அதாவது இசைக்கருவியிலோ இணைப்புக் கம்பியிலோ உள்ளது. அதே பக்கத்தில் நின்றால் பெருக்கி அல்லது ஹெட்போன். இவ்விரண்டையும் பிரிக்க, அந்த ஹெட்போனை வேறொரு கருவியில் இணைத்துக் கேட்டால் போதும்.

அளவிடல்

காதால் கேட்பது குறை உண்டா இல்லையா என்பதைச் சொல்லும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. ஆகவே அளக்க வேண்டும். ஒரே ஒலிக்குறிப்பை இரு உள்ளீடுகளுக்கும் இணைத்து, இரு வெளியீடுகளின் மாறுதிசை மின்னழுத்தங்களை அளந்து, அவற்றின் விகிதத்தின் பத்தடிமான மடக்கையை 20 ஆல் பெருக்கினால் வேறுபாடு டெசிபெல்லில் கிடைக்கும். விகிதம் 1.06 எனில் 0.5 டெசிபெல், 1.12 எனில் 1 டெசிபெல், 1.41 எனில் 3 டெசிபெல். அரை டெசிபெல்லுக்குக் குறைந்த வேறுபாட்டை விட்டுவிடலாம். நல்ல ஹெட்போன்களின் இரு பக்கங்களுக்கிடையே கூட அந்த அளவு வேறுபாடு இருக்கலாம்.

சோதனை அதிர்வெண்ணாக 200 ஹெர்ட்சு அளவைத் தெரிவு செய்வது பொருத்தம். எளிய மல்டிமீட்டர்களின் மாறுதிசை அளவீடு மின்வழங்கலின் 50 ஹெர்ட்சு அதிர்வெண்ணை மனதிற்கொண்டு செய்யப்பட்டது. பல கிலோஹெர்ட்சு அதிர்வெண்களில் அவற்றை நம்ப இயலாது. மாறுதிசையில் 200 வோல்ட்டே மிகச் சிறிய வீச்சாக உள்ள மலிவு மீட்டர்கள் இவ்வேலைக்கு உதவா. இன்னொரு சிக்கலும் உண்டு. சில மீட்டர்கள் மாறுதிசை நிலையில் இருக்கும்போதும் நேர்திசை மின்னழுத்தத்தைத் தடுப்பதில்லை. 9 வோல்ட்டு மின்கலம் ஒன்றை மாறுதிசை நிலையில் இரு விதமாகவும் மாற்றி வைத்து அளந்து பார்க்க வேண்டும். இரு முறையும் சுழியம் காட்டாவிட்டால், மீட்டரின் சிவப்பு முனையுடன் 0.1 மைக்ரோபாரட், 400 வோல்ட்டு மின்தேக்கி ஒன்றைத் தொடராக இணைத்தே குழாய் முனைகளில் அளக்க வேண்டும். இதைச் செய்யாததால் கிடைக்கும் பொய்யான எண்கள், இல்லாத கோளாறுகளைத் தேட வைக்கும்.

அளவீட்டை ஒலியளவுக் குமிழின் மூன்று நிலைகளில் (தொடக்கம், நடு, உச்சம்) செய்வதும், வெளியீட்டில் சுமைத் தடை இணைத்தும் இணைக்காமலும் செய்வதும் இன்றியமையாதது. உச்ச நிலையில் ஒலி திரிந்துபோகாதபடி உள்ளீட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஹெட்போனுக்குப் பதிலாக, அதன் மின்மறுப்புக்கு நிகரான தடைகளைப் பயன்படுத்துவது காதுக்கும் ஹெட்போனுக்கும் நல்லது. சமனின்மை எந்த நிலையில் தோன்றுகிறது, எந்த நிலையில் மறைகிறது என்பதே கோளாற்றின் இருப்பிடத்தைக் காட்டும் சிறந்த தடயம்.

ஒலியளவுக் குமிழ்

குமிழைக் குறைவாகத் திருப்பிய நிலையில் சமனின்மை மிகுந்தும், பாதிக்கு மேல் திருப்பும்போது மறைந்தும் போனால், குற்றவாளி பொட்டென்சியோமீட்டர்தான். குழாய்கள் மீது பழி சுமத்த வேண்டியதில்லை.

இருதடப் பெருக்கியில் ஒரே அச்சில் இரண்டு பொட்டென்சியோமீட்டர்கள் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டின் கரிப் பாதைகளும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒத்திருக்க வேண்டும். ஆனால் ஒலியளவுக்குப் பயன்படும் மடக்கை வகைப் பாதை பெரும்பாலும் ஒரே சீரானதன்று. தடைத்திறன் வேறுபட்ட இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பூச்சுகளை அடுத்தடுத்து இட்டு மடக்கை வளைவைத் தோராயமாக உருவாக்குகின்றனர். பூச்சுகள் சந்திக்கும் இடங்களும், பாதையின் தொடக்க முனையும் இரு அடுக்குகளிலும் துல்லியமாக ஒரே இடத்தில் அமைவதில்லை.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 கிலோஓம் பொட்டென்சியோமீட்டரில் ஒலியை 40 டெசிபெல் குறைக்கும் நிலையில், தொடுமுனைக்கும் நிலத்துக்கும் இடையே 1000 ஓம் மட்டுமே இருக்கும். மறு அடுக்கில் அது 1200 ஓம் எனில் வேறுபாடு 1.6 டெசிபெல். அதே 200 ஓம் பிழை 10 கிலோஓம் நிலையில் 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. ஆகவே பிழை அளவில் மாறாமலேயே காதுக்கு மறைந்துவிடுகிறது.

இதனைச் சரிபார்க்க மின்சாரம் தேவையில்லை. மின்செருகியைப் பிடுங்கி, மின்தேக்கிகள் வடிந்ததை உறுதி செய்து, உள்ளீட்டுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, வழக்கமாகக் கேட்கும் குமிழ் நிலையில் இரு தொடுமுனைகளிலிருந்தும் நிலத்துக்கான தடையை அளந்து ஒப்பிட்டால் போதும்.

உண்மையில் இங்கே பொட்டென்சியோமீட்டரின் குறை பாதிதான். மறு பாதி, பெருக்கியின் பெருக்கம் தேவைக்கு மேல் இருப்பது. இன்றைய இலக்கமுறைக் கருவிகள் 2 வோல்ட்டு வரை வெளியீடு தருகின்றன. உணர்திறன் மிக்க ஹெட்போனுக்கு அதில் சிறு பங்கே போதும். அதனால் கேட்பவர் குமிழை அதன் மிக மோசமான பகுதியிலேயே வைத்திருக்க நேர்கிறது. எளிய தீர்வு, ஒவ்வொரு தடத்திலும் பொட்டென்சியோமீட்டருக்கு முன்னால் ஒரு தொடர்தடையைச் சேர்ப்பது. 100 கிலோஓம் பொட்டென்சியோமீட்டருக்கு முன் 220 கிலோஓம் தடை சேர்த்தால் ஒலிக்குறிப்பு ஏறத்தாழ 10 டெசிபெல் குறையும். குமிழை நடுப்பகுதியில் வைத்துக் கேட்கலாம். இரண்டும் 1 விழுக்காட்டுத் தடைகளாக இருக்க வேண்டும். பொட்டென்சியோமீட்டருக்குப் பதிலாகப் படிமுறைத் தேர்வியும் நிலைத்தடைகளும் கொண்ட ஒலிக்குறைப்பியைப் பொருத்தினால் இச்சிக்கல் அடியோடு தீரும். ஆனால் விலை அதிகம்.

பொட்டென்சியோமீட்டரில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு தடத்தின் நில முனை இணைப்பு விட்டுப்போனால், அத்தடத்தின் ஒலி குமிழுக்குக் கட்டுப்படாமல் எப்போதும் முழு அளவில் இருக்கும். குமிழை முழுதும் திருப்பினால் இரு தடங்களும் சமமாகிவிடும். இதைக் குறைவொலி என்று எண்ணி மறு தடத்தில் கோளாறு தேடுவோர் உண்டு.

நேர்திசை மின்னழுத்தங்கள்

சமனின்மை குமிழின் எல்லா நிலைகளிலும் ஒரே அளவாக இருந்தால் பெருக்கும் நிலைகளை ஆராய வேண்டும். இருதடக் கருவியைப் பழுதுபார்ப்பவருக்கு ஒரு பெரும் வசதி உண்டு: நன்றாக வேலை செய்யும் ஒரு தடமே, பழுதான தடத்துக்கான வழிகாட்டி நூல். ஒவ்வொரு முனையிலும் இரு தடங்களின் மின்னழுத்தங்களை அளந்து அருகருகே எழுதிக்கொண்டால் வேறுபாடு தானே வெளிப்படும்.

எடுத்துக்காட்டுச் சுற்றில் 12ஏயு7 இன் நேர்மின்வாய் (முனைகள் 1, 6) 90 வோல்ட்டு அளவிலும், எதிர்மின்வாய் (முனைகள் 3, 8) 2.5 வோல்ட்டு அளவிலும் இருக்கும். சுமைத் தடையின் குறுக்கே 80 வோல்ட்டு விழுவதால் மின்னோட்டம் ஏறத்தாழ 3.6 மில்லியாம்பியர். 6080 இன் எதிர்மின்வாய் (முனைகள் 3, 6) 105 வோல்ட்டு அளவில் இருந்தால் அதன் வழியே 35 மில்லியாம்பியர் பாய்கிறது. இரு தடங்களுக்கிடையே 10 விழுக்காடு வரையிலான வேறுபாடு குழாய்களில் இயல்பே.

ஒரு தடத்தின் 12ஏயு7 நேர்மின்வாய் 170 வோல்ட்டை ஒட்டி இருந்தால், அப்பாதியின் வழியே மின்னோட்டம் பாயவில்லை. எதிர்மின்வாய்த் தடையின் இணைப்பு விட்டிருக்கலாம். குழாய்த் தாங்கியின் துளை தளர்ந்து முனையைப் பற்றாமல் இருக்கலாம். அல்லது அப்பாதி சூடாகவில்லை. கடைசியாகச் சொன்னது வியப்பளிக்கலாம். 12ஏயு7 இன் இரு பாதிகளுக்கும் தனித்தனி சூடாக்கும் இழைகள் உண்டு. 6.3 வோல்ட்டில் இயக்கும்போது முனை 4, 5 இரண்டையும் ஒன்றாக இணைத்து ஒரு பக்கமாகவும், முனை 9 ஐ மறு பக்கமாகவும் கொள்வர். முனை 4 அல்லது 5 இல் பற்றாசு சரியாகப் பிடிக்காவிட்டால் ஒரு பாதி மட்டும் குளிர்ந்தே இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு இரு பாதிகளிலும் இழையின் செந்நிற ஒளி தெரிகிறதா என்று பார்த்தாலே இது புலப்படும்.

நேர்மின்வாய் சுழியத்தை ஒட்டி இருந்தால் சுமைத் தடையோ அதன் இணைப்போ முறிந்திருக்கும். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால் குழாயின் வழியே மிகுதியான மின்னோட்டம் பாய்கிறது. எதிர்மின்வாய் மின்தேக்கி குறுக்கிணைந்திருக்கலாம், அல்லது கிரிட்டின் நில இணைப்பு விட்டிருக்கலாம்.

அளவீடுகளை எப்போதும் முன்னிலையிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். இச்சுற்றில் இரு நிலைகளும் நேரடியாக இணைக்கப்பட்டுள்ளதால், 12ஏயு7 இன் நேர்மின்வாய் உயர்ந்தால் 6080 இன் கிரிட்டும் உயரும்; அதன் எதிர்மின்வாயும் உடன் உயரும். 6080 இல் தவறான எண்ணைக் கண்டு அதை மாற்றினால், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். 12ஏயு7 இன் எண்கள் இரு தடங்களிலும் ஒத்திருந்து 6080 இன் எண்கள் மட்டும் வேறுபட்டால்தான் 6080 ஐயோ அதன் தடையையோ சந்தேகிக்க வேண்டும்.

குழாய்த் தாங்கியின் துளைகளும் குழாயின் முனைகளும் ஈரப்பதத்தால் ஆக்சைடு படிந்து தொடர்பு இழப்பது சாதாரணம். மின்சாரத்தை நிறுத்திக் குழாய் ஆறிய பின், அதை நான்கைந்து முறை செருகி எடுப்பதால் மட்டும் சரியான பெருக்கிகள் ஏராளம். மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தெரியும் பற்றாசு இணைப்புகளை மீண்டும் சூடாக்கிப் புதிய பற்றாசு இடுவதும் அவ்வாறே.

மின்னழுத்தம் சரி, ஒலி மட்டும் குறைவு

எல்லா நேர்திசை மின்னழுத்தங்களும் இரு தடங்களிலும் ஒத்திருக்கின்றன. ஆயினும் ஒரு தடம் குறைவாகவே ஒலிக்கிறது. தொடக்கநிலையாளரைத் திகைக்க வைக்கும் இடம் இது. நேர்திசை மின்னோட்டத்துக்குக் கண்ணில் படாமல் மாறுதிசை மின்னோட்டத்தை மட்டும் பாதிக்கும் உறுப்பு மின்தேக்கி. ஆகவே ஐயம் முதலில் மின்தேக்கிகள் மீது விழ வேண்டும்.

எதிர்மின்வாய்த் தடைக்கு இணையான மின்தேக்கியை எடுத்துக்கொள்வோம். அது இருக்கும்போது ஒலிக்குறிப்பைப் பொறுத்தவரை எதிர்மின்வாய் நிலத்துடன் இணைந்தது போலாகிறது. அது விட்டுப்போனால் எதிர்மின்வாயின் மின்னழுத்தம் ஒலிக்குறிப்புடன் சேர்ந்து ஆடி, பெருக்கத்தை எதிர்க்கிறது. இக்குழாயின் பெருக்கக் காரணியை 17 எனவும், அகத்தடையை 8.5 கிலோஓம் எனவும் கொண்டால், மின்தேக்கி உள்ள தடத்தின் பெருக்கம் 17 × 22 ÷ (22 + 8.5), அதாவது 12.3. மின்தேக்கி விட்டுப்போன தடத்தில் வகுக்கும் எண்ணுடன் 18 × 0.68 சேர்கிறது, பெருக்கம் 8.75 ஆகக் குறைகிறது. வேறுபாடு ஏறத்தாழ 3 டெசிபெல். இவ்வளவுக்கும் எதிர்மின்வாய் அதே 2.5 வோல்ட்டில்தான் நிற்கும். மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கிகள் வடிந்த பின், அதே அளவுள்ள நல்ல மின்தேக்கி ஒன்றை முனைகளின் திசை மாறாமல் ஐயத்துக்குரியதற்கு இணையாகப் பற்றாசு வைத்து, மீண்டும் இயக்கி அளந்தால் உண்மை தெரிந்துவிடும். எதிர்மின்வாயில் தடைக்குப் பதிலாக ஒளி உமிழும் டயோடைப் பயன்படுத்தும் வடிவமைப்புகளில் இந்த மின்தேக்கி இல்லை; இக்கோளாறும் இல்லை.

வெளியீட்டு மின்தேக்கி வலுவிழந்தால் அறிகுறி வேறு விதமாக இருக்கும். நடு அதிர்வெண்களில் இரு தடங்களும் சமமாக இருக்க, தாழ்ந்த ஒலிகள் மட்டும் ஒரு பக்கம் மெலிந்து கேட்கும். 300 ஓம் ஹெட்போனும் 100 ஓம் அளவு வெளியீட்டு மின்மறுப்பும் உள்ளபோது, 100 மைக்ரோபாரட் மின்தேக்கியின் வெட்டு அதிர்வெண் 4 ஹெர்ட்சு. உலர்ந்துபோய் 10 மைக்ரோபாரட் ஆகிவிட்டால் அது 40 ஹெர்ட்சு ஆகும். எனவே 200 ஹெர்ட்சில் அளந்தபின் 30 ஹெர்ட்சிலும் ஒருமுறை அளக்க வேண்டும்.

இதே மின்தேக்கி வலுவிழப்பதை விடக் கசிவது ஆபத்தானது. அதன் மறு பக்கத்தில் 100 வோல்ட்டுக்கு மேல் உள்ளது. பெருக்கி சூடான பின், ஹெட்போனை இணைக்கும் முன், வெளியீட்டுத் துளையில் நேர்திசை மின்னழுத்தத்தை அளக்கும் பழக்கம் வேண்டும். சில மில்லிவோல்ட்டுக்கு மேல் நிலையாக இருந்தால் ஹெட்போனைச் செருகக் கூடாது.

தடைகளின் சிறு பிழைகளைத் தேடுவது பெரும்பாலும் வீண். சுமைத் தடை 5 விழுக்காடு மாறினால் பெருக்கம் 1.4 விழுக்காடு, அதாவது 0.12 டெசிபெல்தான் மாறும். ஒரு தடை குறிக்கப்பட்ட அளவிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் அது நேர்திசை அளவீட்டிலேயே தெரிந்திருக்கும்.

குழாய்களின் பொருத்தம்

மேற்கண்டவை யாவும் சரியாக இருந்தால் மட்டுமே குழாய்களிடம் வர வேண்டும். 12ஏயு7 இன் இரு பாதிகளின் பெருக்கம் 10 விழுக்காடு வேறுபட்டால் 0.8 டெசிபெல் சமனின்மை ஏற்படும். புதிய குழாய்களிலும் இது நிகழக் கூடியதே. பழைய குழாய்களில் ஒரு பாதியின் எதிர்மின்வாய் மற்றதைவிட விரைவாகத் தேய்ந்திருக்கலாம்.

6080 இன் பொருத்தமின்மை சற்றே நுட்பமானது. அது மின்னழுத்தத்தைப் பெருக்குவதில்லை. ஆகவே சுமையின்றி அளக்கும்போது இரு தடங்களும் ஏறத்தாழச் சமமாகவே தெரியலாம். வேறுபாடு வெளியீட்டு மின்மறுப்பில் ஒளிந்திருக்கும். ஒரு பாதியின் வெளியீட்டு மின்மறுப்பு 100 ஓம், மறு பாதியினுடையது 125 ஓம் எனக் கொள்வோம். 300 ஓம் ஹெட்போனை இணைத்தால் சமனின்மை 0.5 டெசிபெல், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே பெருக்கியில் 32 ஓம் ஹெட்போனை இணைத்தால் 1.5 டெசிபெல், குரல் நடுவிலிருந்து விலகிவிடும். ஒரு ஹெட்போனில் நன்றாகவும் மற்றொன்றில் குறையாகவும் கேட்கும் பெருக்கிகளின் மர்மம் பெரும்பாலும் இதுவே. மின்மாற்றியற்ற இவ்வகைப் பெருக்கிகள் 250 முதல் 600 ஓம் வரையிலான ஹெட்போன்களுக்கு உரியவை. 32 ஓம் ஹெட்போனுக்காகப் பல 6080 குழாய்களை வாங்கிப் பொருத்தம் தேடுவதைவிட, அதற்கேற்ற வேறு பெருக்கியைக் கட்டுவது அறிவுடைமை.

12ஏயு7 இன் பொருத்தமின்மை சிறிதாக இருந்தால், இரு தடங்களிலும் எதிர்மின்வாய் மின்தேக்கியை வேண்டுமென்றே நீக்கிவிடுவது ஒரு வழி. மேலே குறையாகக் கூறப்பட்ட அதே எதிர்ப்பு, இரு பக்கமும் சமமாக இருக்கும்போது நன்மையாகிறது. பெருக்கக் காரணியில் உள்ள 10 விழுக்காட்டு வேறுபாடு 0.8 டெசிபெல்லுக்குப் பதிலாக 0.6 டெசிபெல்லாகவே வெளிப்படும். தேவைக்கு மேற்பட்ட பெருக்கமும் 3 டெசிபெல் குறையும்.

செருகியும் நில இணைப்பும்

ஹெட்போன் செருகியின் நுனி இடத் தடம், நடு வளையம் வலத் தடம், அடித்தண்டு இரண்டுக்கும் பொதுவான நிலம். துளையின் உள்ளே உள்ள தகடு தளர்ந்தால் ஒரு தடம் விட்டுவிட்டு ஒலிக்கும். செருகியை விரலால் சுழற்றினால் ஒலி வந்து போவதால் இதை அறியலாம். பொது நிலத்தின் இணைப்பே அறுந்தால் நிகழ்வது வேறு. இரு பக்க ஒலிப்பான்களும் தொடராக இணைந்து, இரு தடங்களின் வேறுபாடு மட்டுமே கேட்கும். இரு தடங்களிலும் சமமாக உள்ள பாடகரின் குரல் காணாமல் போய், பின்னணி இசை மட்டும் எங்கோ தொலைவிலிருந்து கேட்பது போலிருக்கும். ஒருதடப் பதிவை இட்டால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. இதனைக் குழாய்க் கோளாறு என்று கருதி இரு குழாய்களையும் மாற்றியும் பயனில்லை. துளையின் நில முனையில் ஒரு துளிப் பற்றாசு இட்டால் குரல் திரும்பிவிடும்.